பின்வண்டித் தகரம்

வண்டி வரிசை என்றால் எல்லோரும் முன்வண்டியைத்தான் பார்ப்பார்கள். முன்வண்டி மாட்டுக்குத்தான் சலங்கை, முன்வண்டிக்காரர் தலையில்தான் நல்ல முண்டாசு, தோட்டத்து ஸ்டோர் வாசலில் கணக்கப்பிள்ளை நின்று பேசுவதும் அவரோடுதான். பின்வண்டிக்காரனுக்கு என்ன கிடைக்கும்? புழுதி. முன்னால் போகிற அத்தனை மாடும் கிளப்பிவிடுகிற புழுதியை மூக்காலும் வாயாலும் வாங்கிக்கொண்டு போகவேண்டியது. மழை பிடித்துவிட்டால் சேறு. பல வருஷம் அதைத் தின்றவன் நான். அதில் எனக்கு வருத்தமில்லை, சத்தியமாக இல்லை. என் வருத்தம் வேறு.

இலங்கை மலைநாட்டில் ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றிருந்தது. பதுளைக்கு இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர, வந்தபாடில்லை. பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிப் பதுளைக்கு இறக்கிக்கொண்டு வருவோம். அங்கிருந்து தெமோதரை வழியாக மலை ஏறிப் பண்டாரவளை ஸ்டேஷனில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். திரும்பி வரும்போது அரிசி மூட்டை. வண்டியும் மாடும் பதுளைக் கடைவீதியில் அரிசிக்கடை வைத்திருந்த முதலாளிக்குச் சொந்தம். வண்டிப்பேட்டைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த அறைகளும் அவருக்கே சொந்தம். வேலை இருக்கிறவரைதான் அறை.

எங்கள் வரிசையில் ஒரு முறை இருந்தது. யார் ஏற்படுத்தியதோ தெரியாது, நான் வரும்போதே இருந்தது. போவது முன்வண்டிக்காரர் சொல். எப்போது மாடு பூட்டுவது, எந்த வேகத்தில் போவது, எங்கே தங்குவது, எல்லாம் அவர்தான். அதில் நான் மூக்கை நுழைக்கக் கூடாது. நிறுத்துவது பின்வண்டிக்காரன் சொல். என் வண்டியின் அடியில் ஒரு காலி மண்ணெண்ணெய்த் தகரம் தொங்கும். நான் இரும்புக் கம்பியை எடுத்து அதில் அடித்தால் முன்வண்டி நிற்கவேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வியெல்லாம் நின்ற பிறகுதான்.

இதில் ஒரு நியாயம் உண்டு. முன்னால் போகிறவருக்கு ரோடு மட்டும்தான் தெரியும். வண்டிகள் தெரிவது பின்னால் வருகிறவனுக்கு. எந்த மாடு நொண்டுகிறது, எந்தக் கயிறு நெகிழ்ந்திருக்கிறது, எந்தச் சக்கரம் ஆடுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. நடுவில் போகிறவர்கள் தகரச் சத்தம் கேட்டதும் தாங்களாக நின்றுவிடக் கூடாது. நடுவில் ஒருவன் தன் இஷ்டத்துக்கு நின்றால், பின்னால் வருகிற மாடு அவன் வண்டியில் முட்டும், முன்னால் போகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், வரிசை அறுந்துபோகும். அதனால் முன்வண்டி நின்றால்தான் மற்றவன் நிற்கவேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கஷ்டமும் இதிலிருந்துதான் வந்தது.

முன்வண்டிக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். என்னைவிட நல்ல மூத்தவர். திருச்சிப் பக்கத்திலிருந்து, தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்தில் வந்த குடும்பம். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொண்டை. ஏற்றத்தில் மாடு சோர்ந்தால் பாட்டு எடுப்பார். அதைக் கேட்கச் சகிக்காமல்தான் மாடு வேகமாகப் போகிறது என்று நாங்கள் கேலி செய்வோம். அவ்வளவு மூத்தவர், ரோட்டில் என்னை 'நீ' என்று ஒரு நாள் சொன்னதில்லை. "வாங்க தம்பி", "பாத்துக்கங்க தம்பி" என்றுதான் பேச்சு. தங்குமிடத்தில் என் மாட்டை அவிழ்த்துவிட்டு நான் வந்து உட்காரும்வரை அவர் சோற்றில் கை வைக்கமாட்டார். எனக்குக் கூச்சமாக இருக்கும். "நீங்க சாப்பிடுங்கண்ணே" என்றால், "எனக்குப் பசிக்கல" என்பார். பொய். வயிறு கூவுவது எனக்கே கேட்கும்.

ஒருமுறை நல்ல மழையில் நான் தகரம் அடித்துவிட்டேன். மூன்றாம் வண்டியில் கயிறு அறுந்து தொங்குவதுபோலத் தெரிந்தது. எல்லாரும் நனைந்துகொண்டு நின்றோம். ஓடிப்போய்ப் பார்த்தால் கயிறு அல்ல, மரத்திலிருந்து விழுந்து சிக்கிக்கொண்ட கொடி. நடுவண்டிக்காரர்கள் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். அண்ணன் முன்னாலிருந்து நடந்து வந்தார், கொடியைப் பிடுங்கி எறிந்தார். "கொடிதானா? நல்லதாப் போச்சு. போலாமா தம்பி?" என்றார். அவ்வளவுதான். அதேபோல, ஒரு நாள் ஓடையில் தண்ணீர் ஏறியிருந்தபோது காத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, போகலாம் என்று அவர் சொல்லிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். நனைந்தது வேட்டி மட்டும்தான்.

பழைய முதலாளி காலமானார். ஊரிலிருந்து அவர் மருமகன் வந்து கடையில் உட்கார்ந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். படித்தவர், சுத்தமானவர், யாரையும் வாய்க்கு வந்தபடி பேசாதவர். ஆனால் எதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும் அவருக்கு. பண்டாரவளைக்கு எங்கள் வண்டி தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில் ஏதோ பேச்சு வாங்கியிருக்கிறார். ஒரு நாள் அண்ணனையும் என்னையும் கடைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு வரிசைக்கு ஒரு ஆளு சொல்லு போதும்" என்றார். "முன்னால போறவர்தான் பொறுப்பு. பின்னால இருந்து தகரம் தட்டினா நிக்கிறதெல்லாம் இனி வேணாம். ரெண்டு பேரு சொல்லு கேட்டா ஒரு வேலையும் உருப்படாது."

நான் அண்ணனைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரிங்க முதலாளி" என்றார்.

தெருவுக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கோபம் எனக்கு மூக்கு நுனியில். "என்னண்ணே, பூம்பூம் மாடு மாதிரித் தலைய ஆட்டிட்டு வந்துட்டீங்க?" என்றேன்.

"வாயாலதானே தம்பி சரின்னேன்" என்று சிரித்தார். "வண்டி கடைக்குள்ளயா ஓடுது? ரோட்டுல நீங்க அடிங்க, நான் நிக்கிறேன்."

நான் நம்பினேன். நம்பாமல் என்ன?

அது நடந்த நாள் மழை. தெமோதரை தாண்டி ஏற்றம். ரோடு அங்கே கொண்டை ஊசி மாதிரி வளைந்து மேலே திரும்பும். வளைவுக்குக் கீழே இருந்த எனக்கு, மேலே போகிற வண்டிகள் பக்கவாட்டில் முழுசாகத் தெரிந்தன. நடுவில் ஒரு வண்டியின் சக்கரம் அச்சைவிட்டு வெளியே வந்து வந்து ஆடியது. கடையாணி கழன்றிருக்கிறது. ஓட்டுகிறவன் அந்தப் பக்கத்தில்தான், மாட்டுக்குச் சுமை குறையட்டும் என்று இறங்கி, சக்கரத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தான். அவன் என் மனைவியின் தம்பி.

தகரத்தை அடித்தேன். வரிசை நிற்கவில்லை. மழையில் கேட்கவில்லையோ என்று இன்னும் ஓங்கி அடித்தேன். அப்போதும் நிற்கவில்லை. முன்வண்டிச் சலங்கை தன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. என் வண்டிச் சக்கரத்துக்கு ஒரு கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் சக்கரம் கழன்று, வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தேயிலைப் பெட்டிகள் சரிந்தன. அவன் இடுப்புக்குக் கீழே வண்டிக்கடியில் இருந்தான்.

நாங்கள் எல்லாரும் சேர்ந்து வண்டியைத் தூக்கினோம். அண்ணன் முன்னாலிருந்து ஓடிவந்து முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். மைத்துனனை இழுத்து வெளியே போட்டதும் நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"கேட்டுச்சா? தகரம் உனக்குக் கேட்டுச்சா?" என்றேன். அவரை 'நீ' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கேட்டுச்சு தம்பி."

"கேட்டுமா நிக்கல?"

"ஏத்தத்துல நின்னா மாடு மறுபடி எடுக்காது... மேல போயி நிறுத்திக்கலாம்னு... அவரு சொன்னதும் மனசுல..." அவர் வாய் குழறியது. மழையில் அவர் மீசை தொங்கிப்போயிருந்தது. அந்த முகத்தில் அறைய வேண்டும் என்று எனக்கு இருந்தது. கீழே கிடந்தவன் முனகினான், அதனால் அறையவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் அவன் காலை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது. அவன் கண் திறந்து பேசத் தொடங்கியபோது நான் கேட்ட முதல் கேள்வி, "உனக்குமா தகரம் கேக்கல, மாப்ளே?" என்பதுதான்.

"கேட்டுச்சு மச்சான். நல்லாக் கேட்டுச்சு. முன்னால நிக்கலையே. நான் எப்படி நிக்கிறது?" என்றான்.

அவன் முறைப்படி நடந்தான். நான் முறைப்படி அடித்தேன். நடுவில் போன மற்ற அத்தனை பேரும் முறைப்படி நிற்காமல் போனார்கள். ஒரே ஒருவர் நின்றிருந்தால் போதும். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது, எழுதும்போதே எரிகிறது.

முதலாளி எல்லாரையும் பேட்டையில் கூட்டி விசாரித்தார். அண்ணன் மழையில் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க முடியாது. அவர் அப்படிச் சொல்லவில்லை. "தகரம் கேட்டுச்சுங்க. இவரு சரியா அடிச்சாரு. நான்தான் நிறுத்தல" என்றார் எல்லார் முன்னாலும். முதலாளி சொன்ன வார்த்தையைத் தன் தலைக்குக் குடையாகப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. முதலாளியும் அதை நினைவுபடுத்தவில்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். "இனி முன்வண்டி நீ ஓட்டு. அவர் பின்னால வரட்டும்."

மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? அந்த மனுஷர் கொஞ்ச நாள் புழுதி தின்னட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. "தகரம் முறை எப்படிங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் சொன்னது சொன்னதுதான். முன்னால போறவன்தான் பொறுப்பு. பின்னால இருந்து தகரம் அடிச்சு வண்டி நின்னா, அடிச்சவரும் வேணாம், நின்னவனும் வேணாம். ரெண்டு பேரும் அறையக் காலி பண்ணிட்டுப் போகலாம்."

அறை என்றால் என்ன? நான், என் மனைவி, காலில்லாத மைத்துனன் மூவரும் படுத்து எழுந்த இடம் அது. அதைவிட்டால் பதுளையில் எங்களுக்குத் தெரு.

என் தகரத்தை அவிழ்த்து அவர் வண்டியின் அடியில் நானே கட்டினேன். முதலாளி தட்டக் கூடாது என்று சொன்னாரே தவிர, கட்டக் கூடாது என்று சொல்லவில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். சாதாரணமாக என்னை 'என்னங்க' என்பாள். கோபம் வந்தால் 'யோவ்'. அந்த நாட்களில் எல்லாம் யோவ்தான். தம்பியைத் தூக்கி உட்காரவைத்து, முகம் கழுவிவிட்டு, சோறு கொடுத்துவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொள்வாள்.

"யோவ், அந்த ஆளு தகரம் அடிச்சா நீ நின்ன, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன். நீ அடிச்சப்ப அவன் நின்னானா? அவன் தொண்டத் தண்ணி வத்த அடிக்கட்டும். நிக்காத. நின்னா நமக்கு இருக்குறதும் போயிரும். இவன எங்கய்யா தூக்கி வச்சுக்கிறது?"

அவள் சொன்னதில் பாதி என் மனதில் இருந்ததுதான்.

முன்வண்டியில் போய்ப் பார்த்த பிறகுதான் அது என்ன வேலை என்று எனக்குத் தெரிந்தது. நல்ல காற்று, நல்ல ரோடு, புழுதி கிடையாது. ஆனால் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. குருடன் மாதிரி இருந்தது. நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். ஒவ்வொரு ஏற்றத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு போவேன், தகரம் கேட்கிறதா என்று. கேட்கவே இல்லை. ஒரு பயணத்திலும் கேட்கவில்லை. ஒரு வரிசையில் அத்தனை நாள் ஒரு கோளாறும் வராமல் இருக்குமா? எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஒரு நாள் தெமோதரையில் தங்குமிடத்துக்கு எல்லா வண்டியும் வந்து சேர்ந்துவிட்டன, பின்வண்டி மட்டும் வரவில்லை. மாட்டை அவிழ்த்தோம், உலை வைத்தோம், வரவில்லை. கடைசியில் வளைவில் தெரிந்தது. அண்ணன் வண்டியில் இல்லை. பின்னால் சக்கரத்தைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தார். வலது மாடு மூன்று காலில் நொண்டியது. குளம்பில் கல் ஏறி ரத்தம் கசிந்தது. எங்கிருந்து நொண்டுகிறது என்று கேட்டேன். ஏற்றத்தின் அடியிலிருந்தே என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "தகரத்தை என்ன அழகுக்கா கட்டியிருக்கேன்? அடிச்சா என்ன? வாயில்லாச் சீவனைப் போட்டு இந்தப் பாடு படுத்தியிருக்கீங்களே!" என்று கத்தினேன்.

அவர் மாட்டின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே பேசினார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடிக்கிறதுங்க பெரியவரே?"

பெரியவரே! என் தகப்பனாராக இருக்கவேண்டிய வயதுக்காரர் என்னை அப்படிக் கூப்பிட்டார். கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

"நான் அடிச்சு நீங்க நின்னா உங்க குடும்பம் தெருவுக்கு வந்துரும்" என்றார். "அது ஒண்ணு. இன்னொண்ணு, நான் அடிச்சு நீங்க நிக்காமப் போயிட்டீங்கன்னா... நிக்காமப் போறதுக்கு உங்களுக்கு நியாயம் இருக்குங்க. ஆனா அத என்னால பாக்க முடியாது."

நான் அங்கே நிற்காமல் வந்துவிட்டேன். அன்றைக்கு அவர் இல்லாமல்தான் நாங்கள் சாப்பிட்டோம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

பதுளைக்குத் திரும்பியதும் வீட்டில் இதைச் சொன்னேன். மனைவிக்காகச் சொல்லவில்லை, வாயில் வைத்திருக்க முடியாமல் சொன்னேன். "நல்லா வேணும். அனுபவிக்கட்டும்" என்றாள் அவள்.

மைத்துனன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அதுவரை அவன் இந்தப் பேச்சில் கலந்துகொண்டதே இல்லை. "நீ சும்மா இரு அக்கா" என்று அதட்டினான். என் பக்கம் திரும்பினான். "அவரு அடிக்கமாட்டாராம். இவரு நிக்கமாட்டாராம். நல்லா இருக்கு மச்சான் உங்க ரெண்டு பேரு ரோசமும்! நடுவுல போறானுங்களே, அவனுங்க உங்க ரெண்டு பேரையும் நம்பித்தானே போறானுங்க? எனக்கு ஒரு கால் போச்சு. இன்னொருத்தனுக்கு எப்பப் போகப்போவுது?"

என் மனைவி உலை மூடியை டமாரென்று போட்டாள்.

மறுநாள் விடியலில் மாடு பூட்டும்போது நான் அண்ணனிடம் போனேன். மன்னிப்பும் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. அவரும் என்னிடம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. "அண்ணே, நீங்க அடிக்கவேண்டிய இடத்துல அடிங்க. நிக்கிறதும் நிக்காததும் என் பாடு" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நிற்பேன் என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நிற்பேனா என்று எனக்கே தெரியாது.

பெட்டி ஏற்றிக்கொண்டு நாங்கள் திரும்பிய அன்றைக்குச் சந்தை நாள். பசறையிலிருந்து வந்த வண்டிகள் பதுளைக் கடைவீதி வழியாகப் போகவேண்டும். இரண்டு பக்கமும் ஜனம், தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வந்தவர்கள், கூடைக்காரர்கள், சின்னப்பிள்ளைகள். முதலாளி கடைப் படியில் நின்று, அடுத்த கடைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். தன் வண்டி வரிசை போவதை நாலு பேர் பார்க்கட்டும் என்ற ஆசை அவருக்கும் உண்டுதானே. நான் கடைக்கு நேர் எதிரே வந்தேன். முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்போது தகரம் கேட்டது.

எத்தனை நாள் காத்திருந்த சத்தம்! எத்தனையோ ஏற்றம், எத்தனையோ காடு இருக்க, இந்த மனுஷர் முதலாளி மூக்குக்கு முன்னாலா அடிக்க வேண்டும்? என் கை மூக்கணாங்கயிற்றில் இருந்தது. போய்விடலாம். இரைச்சலில் கேட்கவில்லை என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? அறையும் இருக்கும், வேலையும் இருக்கும். அடித்தும் நிற்காவிட்டால் எப்படி இருக்கும் என்று அந்த மனுஷருக்கும் தெரியவரும். அதுவும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? அவர் இன்னொரு தடவை அடிக்கவில்லை. ஒரே தடவைதான். அடித்துவிட்டு என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரிந்தது.

கயிற்றை இழுத்தேன். மாடு நின்றது. எனக்குப் பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைவீதியே நின்ற மாதிரி இருந்தது.

முதலாளி படியிறங்கி வந்தார். காது மடல் சிவந்திருந்தது. "யாரைக் கேட்டு நிறுத்தின?"

"பின்னால இருக்கிறவரைக் கேட்டுங்க."

நாங்கள் பின்னால் போய்ப் பார்த்தோம். பின்வண்டிக்கு முந்தின வண்டியில் பாரக்கயிறு நெகிழ்ந்து, மேலே இருந்த தேயிலைப் பெட்டி பாதிக்கு மேல் வெளியே சரிந்திருந்தது. கீழே கூடைக்காரிகள் இருந்தார்கள். ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவன் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் இரண்டு கையாலும் பெட்டியை ஏந்திக்கொண்டு நின்றார். நான் ஏறிப் பெட்டியை உள்ளே தள்ளிக் கயிற்றை இறுக்கினேன்.

முதலாளிக்கு விஷயம் புரிந்தது. புரியாமல் இருக்க அவர் முட்டாள் இல்லை. ஆனால் அத்தனை கடைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி விழவில்லை, அவர் சொல் விழுந்துவிட்டது. "நான் சொன்னது ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. கயிற்றை வாங்க வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் பேட்டைப் பக்கம் நடந்தோம். அண்ணனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. சாமான் என்று ஒரு பெட்டியும் ஒரு கம்பளியும்தான். என் வீட்டு வாசல் வந்ததும் அவர் நின்றுவிட்டார். விபத்துக்குப் பிறகு அவர் அந்த வாசலை மிதித்ததில்லை. நான் மட்டும் உள்ளே போய், நடந்ததைச் சொன்னேன்.

"யோவ், உனக்கு அறிவிருக்கா?" என்று தொடங்கினாள் என் மனைவி. அறையைப் பற்றிக் கேட்டாள், தம்பியை எங்கே படுக்கவைப்பது என்று கேட்டாள், என் குலத்தைப் பற்றியும் என் புத்தியைப் பற்றியும் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டித் திட்டி மூச்சு வாங்கியதும் வாசலை எட்டிப் பார்த்தாள். அவர் வெயிலில், முண்டாசைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அவரு சாப்பிட்டாரா?" என்றாள்.

இல்லை என்றேன். அவள் எங்கள் இரண்டு பேர் தட்டோடு இன்னொரு தட்டையும் எடுத்துக் கழுவினாள். நான் போய்க் கூட்டிவந்தேன். அண்ணன் தலை குனிந்து உள்ளே வந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் மைத்துனனுக்கு எதிரே நின்றார்.

மைத்துனன் அவரை நிமிர்ந்து பார்த்தான். "தகரம் அடிச்சீங்களா?" என்று கேட்டான்.

"அடிச்சேன்."

"மச்சான் நின்னாரா?"

"நின்னாரு."

அவன் தன் வேட்டியின் மடிந்துகிடந்த பக்கத்தைத் தடவினான். "நீங்களும் அன்னைக்கு நின்னிருக்கலாம்ல?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

"ஆமாய்யா" என்றார் அண்ணன். அப்படியே அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முகத்தை முண்டாசால் பொத்திக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மூன்று தட்டிலும் சோறு போட்டு வைத்தாள். வெகுநேரம் ஒருவரும் கை வைக்கவில்லை.